புல்லோரத்து உண்ணி: பூங்காவுக்கு வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது?

கொழும்பில் ஏதாவது ஒரு பூங்காவில் 'உண்ணி கவனம்' என்று தமிழில் பலகை நட்டுவிட்டு, சற்றுத் தள்ளி நின்று வாசிப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு வேலியோரத்து நாயுண்ணிப் பற்றையும் அதன் கறுத்த பழமும் நினைவுக்கு வரும். இன்னொருவர் தன் கழுத்திலிருக்கும் பாலுண்ணியைத் தடவிக்கொள்வார். பாடசாலைப் பிள்ளை, விஞ்ஞானப் பாடத்தில் படித்த ஒட்டுண்ணியை நினைத்துக்கொள்ளும். நாயோ மாடோ வளர்த்த வீட்டிலிருந்து வந்தவருக்கு மட்டுமே நாம் சொல்ல வந்த உயிர் கண்முன் தெரியும். சொல் ஒன்றாக இருக்க, பொருள் நான்காகப் பிரிகிறது. உண்ணியைப் பற்றிப் பிறருக்குச் சொல்லப் புறப்படுகிறவர் முதலில் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும்.

ஆறு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் பேசும் குடும்பங்களையும் பிள்ளைகளையும் ஈரநிலப் பூங்காக்களுக்கு அழைத்துச் செல்கிறேன். 2018 இல், ராம்சார் என்னும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முறையாக 18 நகரங்களுக்கு வழங்கப்பட்டபோது அவற்றுள் கொழும்பும் ஒன்று. தலவத்துகொடையில் தியசரு பூங்கா, கோட்டையில் பெத்தகான ஈரநிலப் பூங்கா, தெற்கே பெல்லன்வில - அத்திடிய சரணாலயம் என்று, இவ்வளவு நெரிசலான நகருக்குப் பக்கத்திலேயே மீன்பிடிப் பூனை வாழும் நிலம் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் அடைபட்டு வளரும் நம் பிள்ளைகள் இங்கே வர வேண்டும். ஆகவே உண்ணியைப் பற்றி நாம் பேசுவது எவரையும் வாசலோடு திருப்பி அனுப்புவதற்காக அல்ல. வந்தவர் வீட்டுக்குப் போனபின் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரிடம் ஒப்படைப்பதற்காகத்தான்.

இதை நான் ஒரு பிள்ளையின் வலியைப் பார்த்துத்தான் கற்றேன். எங்கள் நடை ஒன்று முடிந்து நான்காம் நாள் இரவு ஒரு தாய் அழைத்தார். "அக்கா, தம்பியின் காதுக்குள் ஏதோ ஊர்கிறதாம், இரண்டு நாளாக அழுகிறான்." காதில் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள், பஞ்சுக் குச்சியால் துழாவியும் பார்த்திருந்தார்கள். மறுநாள் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் செவிப்பறைக்கு அருகே ஒட்டியிருந்த இளம் உண்ணியை எடுத்தார். எங்கள் நடை தொடங்கிய இடத்தில் பெரிய எச்சரிக்கைப் பலகை இருந்தது. வட அமெரிக்கச் சுவரொட்டி ஒன்றைப் பார்த்து எழுதிய பலகை அது. மான் படமும், வட்டத்துக்குள் வட்டமாகச் சிவக்கும் தழும்பின் படமும் இருந்தன. 'காது' என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அந்தப் பலகையை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

இலங்கையில் மனிதரிடம் காணப்படும் உண்ணிகளில் டெர்மசென்டர் இனத்தின் இளம் பருவ உண்ணிகள் முதன்மையானவை. காதுக்குள் உண்ணி புகுந்து வைத்தியசாலைக்கு வருவது இந்நாட்டு வைத்தியர்கள் அடிக்கடி பதிவு செய்த விடயம். வேறொரு நாட்டின் உண்ணிக்காக எழுதிய அறிவுரையை எடுத்து ஒட்டினால், நம் நாட்டு உண்ணி எங்கே போகுமோ அந்த இடம் விடுபட்டுப்போகும்.

சொல்வதற்கு முன் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை

உண்ணி பூச்சியல்ல, சிலந்தியின் உறவு. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்கள், அதற்கடுத்த இளம் பருவத்திலும் முதிர்ந்த பருவத்திலும் எட்டுக் கால்கள். அது பறக்காது, தெள்ளைப்போல் துள்ளாது, மரத்திலிருந்து தலையில் குதிக்காது. புல்லின் நுனியிலோ இலையின் ஓரத்திலோ ஏறி, முன்னங்கால்களை விரித்துக் காத்திருக்கும். அந்த முன்னங்கால்களில்தான் அதன் மோப்பம் இருக்கிறது. நம் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவையும் உடல் வெப்பத்தையும் அவற்றால் உணரும். துணி உரசியதும் பற்றிக்கொண்டு, மெல்ல மேலேறி, தோல் மென்மையான இடத்தைத் தேடும். 'உண்ணி மரத்திலிருந்து விழும்' என்று யாராவது சொன்னால் அன்போடு திருத்துங்கள். அப்படி நம்புகிறவர் தொப்பி போட்டுக்கொண்டு, கணுக்காலை மறந்துவிடுவார்.

அளவை நம் சமையலறைச் சொற்களால் சொல்லுங்கள். இளம் உண்ணி கசகசா விதையளவு. இரத்தம் குடிக்காத முதிர்ந்த உண்ணி தட்டையான எள்ளைப் போன்றது. நாள்கணக்காகக் குடித்து வீங்கியது ஆமணக்கு விதையை ஒத்திருக்கும். ஆமணக்குக்குத் தாவரவியலில் வழங்கும் ரிசினஸ் என்ற பெயரே உண்ணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்தான். உரோமரும் அதே ஒற்றுமையைக் கண்டிருக்கிறார்கள். மில்லிமீற்றர்க் கணக்குச் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், எள் என்றால் மறக்கமாட்டார்கள்.

அட்டையும் உண்ணியும் ஒன்றல்ல என்பதையும் இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போய்வந்த எவருக்கும் அட்டையைத் தெரியும். அது குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடும், இரத்தம் வடிவதால் உடனே தெரியவும் வரும். உண்ணியோ வலியில்லாமல் கடித்து, பல நாள் ஒட்டிக்கொண்டே இருக்கும். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டுவருகிறவர்கள் அதே வைத்தியத்தை உண்ணிக்கும் செய்யப் பார்ப்பார்கள்.

நோய்களைப் பற்றி நீங்கள் அறிந்திருக்க வேண்டியது அதிகம், பலகையில் எழுத வேண்டியது மிகக் குறைவு. வெளிநாட்டுச் சுவரொட்டிகள் பேசும் லைம் நோய், மிதவெப்ப நாடுகளில் வேறு இன உண்ணிகள் பரப்புவது. நம் நாட்டில் கவனிக்க வேண்டியவை ரிக்கெட்சியா வகைக் கிருமிகள் தரும் காய்ச்சல்கள். உண்ணி வழியாக வரும் புள்ளிக்காய்ச்சல் மலையகப் பகுதிகளில் அதிகம் அறியப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மழைக்காலத்தில் வருவதும், மேல் மாகாணத்திலும் காணப்படுவதுமான ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலைப் பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகின்றன. ஆனால் அதைப் பரப்புவது உண்ணியல்ல, கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. பெயரைப் பற்றி வருகிறவரோடு வாதாடத் தேவையில்லை. இரண்டும் புல்லிலும் பற்றையிலும்தான் காத்திருக்கின்றன. பாதையின் நடுவில் நடப்பதும், வீட்டுக்குப் போய்க் குளிப்பதும், காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் சொல்வதும் இரண்டுக்கும் பொருந்தும்.

அந்தக் கடைசி விடயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கொழும்பில் காய்ச்சல் என்றாலே டெங்கு என்றுதான் எல்லோரும் நினைப்போம். நினைக்கவும் வேண்டும், இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். ஆனால் 'பத்து நாளுக்கு முன் புல்வெளியில் நடந்தேன், உண்ணி ஒட்டியிருந்தது' என்ற ஒரு வரியை நோயாளி சொன்னால் வைத்தியரின் யோசனை வேறு திசையிலும் போகும். தலைவலியோடு காய்ச்சல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடத் தோன்றும் தடிப்பு, சிகரெட்டால் சுட்டதுபோல் ஓரிடத்தில் கறுத்த பொருக்கு ஆகியவை அடையாளங்கள். பொருக்கு இல்லாமலும் காய்ச்சல் வரலாம். இந்தக் கிருமிகளுக்கு அமொக்சிசிலின் போன்ற வழக்கமான மருந்துகள் வேலை செய்வதில்லை. டொக்சிசைக்கிளின் போன்ற மருந்து காலத்தோடு கிடைத்தால் நோய் பெரும்பாலும் விரைவில் தணியும். எந்த மருந்து என்பது வைத்தியரின் முடிவு. காலத்தோடு கிடைப்பதற்கு வழி செய்வது நம்முடைய அந்த ஒரு வரி.

முதல் வேலை: இடத்தை நீங்களே பாருங்கள்

உண்ணி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எங்கும் பலகை நடுவது வீண். காலிமுகத் திடலின் குட்டைப் புல்லுக்கோ, சுதந்திர சதுக்கத்தின் கல் பதித்த நடைபாதைக்கோ, பலகைப் பாலத்தின் நடுவுக்கோ உண்ணிப் பலகை தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் வாசித்துப் பழகிய கண், தேவையான இடத்திலும் வாசிக்காமல் கடந்துவிடும்.

ஒரு மீற்றர் நீள அகலமுள்ள தடித்த வெள்ளைத் துணி எடுங்கள். பழைய வெள்ளைத் துவாயும் போதும். ஒரு பக்கத்தை ஒரு கழியில் கட்டி, கழியின் இரு முனையிலும் கயிறு பூட்டுங்கள். பனி காய்ந்தபின், புல் ஈரமில்லாத நேரத்தில், பாதையோரப் புல்லின் மேல் துணி படியும்படி மெதுவாக இழுத்து நடவுங்கள். பத்து மீற்றருக்கு ஒரு முறை நின்று துணியின் இரு பக்கத்தையும் பாருங்கள். ஒட்டியிருப்பவற்றை அகலமான செலோடேப்பால் ஒற்றி எடுத்துக் கடதாசியில் ஒட்டி, இடமும் திகதியும் எழுதுங்கள். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். முடிந்ததும் உங்கள் உடலையும் பாருங்கள். துணியில் ஒன்றும் ஏறாத நாளை வைத்து 'இங்கே உண்ணியே இல்லை' என்று அறிவித்துவிடாதீர்கள். துணிக்குப் பிடிபடாத இனங்களும் உண்டு. நாலைந்து முறை வெவ்வேறு கிழமைகளில் இழுத்தால்தான் இடத்தின் போக்குப் பிடிபடும்.

துணியைவிட நல்ல சாட்சி அங்கே புல் வெட்டுகிறவர்கள். நாள் முழுவதும் பற்றைக்குள் நிற்கிற அவர்களுக்கு எந்த மூலையில் உண்ணி ஏறும், எருமை எங்கே படுக்கும், நாய்கள் எங்கே குட்டி போடும் என்பதெல்லாம் தெரியும். உடும்பிலும் உண்ணி ஒட்டியிருப்பதை எனக்கு முதலில் காட்டியவர் ஒரு புல்வெட்டும் ஐயாதான். அவர்களிடம் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு நல்ல சாவணமும், உண்ணியை எடுக்கும் முறையும் கொண்டுபோங்கள். வருகிறவருக்கு ஒரு நாள் ஆபத்து என்றால் அவர்களுக்குத் தினமும் ஆபத்து. அவர்களுக்குச் சொல்லாமல் விருந்தினருக்கு மட்டும் பலகை நடுவது நியாயமாகாது.

கண்டறிந்ததைப் பூங்கா நிர்வாகத்துக்கும், அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்தில் கொடுங்கள். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் எங்கும் எதையும் நடவேண்டாம்.

பலகையில் என்ன எழுதுவது

கெட்ட பலகை எப்படியிருக்கும் என்பதை முதலில் காட்டுகிறேன்:

'எச்சரிக்கை! இப்பிரதேசத்தில் அபாயகரமான உண்ணிகள் காணப்படுவதனால் பார்வையாளர்கள் அவதானத்துடன் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

இதை வாசித்த தாய் என்ன செய்வார்? பயப்படுவார், அல்லது கடந்து போவார். செய்வதற்கு இதில் எதுவுமே இல்லை. 'அவதானம்' என்பதைக் கையால் செய்ய முடியாது. நாங்கள் இப்போது பாவிப்பது இது:

'இந்தப் புல்லோரத்தில் உண்ணி உண்டு. எள்ளளவுதான் இருக்கும்.
பாதையின் நடுவில் நடவுங்கள்.
வீட்டுக்குப் போனதும் குளித்து, உடலைப் பாருங்கள்: காது, தலைமுடி ஓரம், அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு.
இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், இங்கே வந்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள்.'

ஒவ்வொரு வரியிலும் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. 'உண்ணி உண்டு' என்று மட்டும் சொன்னோம், 'அபாயம்' என்று சொல்லவில்லை. கடிக்கிற உண்ணி எல்லாம் நோய் தருவதில்லை. பொய்யாகப் பயமுறுத்தினால் அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. அதே காரணத்துக்காக 'பயப்பட ஒன்றுமில்லை' என்றும் எழுதாதீர்கள். இரண்டும் வாசகருக்குச் செய்யும் அவமதிப்பு.

சொற்களுக்குப் பக்கத்தில் படம் கட்டாயம் வேண்டும். தொடக்கத்தில் சொன்ன நான்கு பொருளில் எது என்பதைப் படம்தான் தீர்க்கும். உண்ணியை மிகப் பெரிதாக்கி அரக்கனைப்போல் வரையாதீர்கள். விரல் நுனியில் உண்மையான அளவில் ஒன்றும், அருகில் பெரிதாக்கியது ஒன்றும் இருக்கட்டும். நாயின் படத்தைப் போடவே வேண்டாம். ஒரு பூங்காவில் நாய்ப் படத்தோடு பலகை வைத்த மாதமே, அங்கே திரிந்த நாய்களைக் கல்லால் அடித்துத் துரத்தத் தொடங்கினார்கள். நாயும் உண்ணியால் வருந்துகிற உயிர்தான். 'நாயுண்ணி' என்று எழுதுவதையும் தவிருங்கள், பாதிப்பேர் பற்றையைத் தேடுவார்கள்.

மூன்று மொழிகளிலும் பலகை வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. ஆனால் நம் நகரத்துப் பலகைகளில் தமிழ் படுகிற பாட்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'தாய்' என்று இருக்க வேண்டிய சொல் 'நாய்' ஆகிப்போன பஸ் பலகையின் படம் ஒரு காலத்தில் எத்தனை கைபேசிகளில் சுற்றியது! கர்ப்பிணிப் பெண்களுக்கான இருக்கை அது. சுகாதார அறிவிப்பில் அப்படியொரு பிழை வந்தால் அது வெட்கத்தோடு நிற்காது, ஆளுக்குத் தீங்காக முடியும். ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். சிங்களப் பலகையை மொழிபெயர்க்கச் சொல்லாமல், தமிழை முதலிலிருந்து தமிழிலேயே எழுதுங்கள். அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வாங்கி, கொம்பும் அரவும் எழுத்தை விட்டுப் பிரிந்து ஓடவில்லை என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள், எழுத்துரு மாறும்போது இது அடிக்கடி நடக்கும். பிறகு, எழுத்தில் உங்களைவிடக் குறைவாகப் பழகிய ஒருவரை வாசிக்கச் சொல்லி, "இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் பதிலில் 'காது' வராவிட்டால் திரும்ப எழுதுங்கள். தமிழ் வரியை அடியில் குட்டி எழுத்தில் ஒதுக்குவதை ஏற்காதீர்கள். மேலும் கீழும் விரியும் நம் எழுத்துகளுக்கு இன்னும் கொஞ்சம் இடம்தான் வேண்டும்.

எங்கே வைப்பது

வாசலில் எல்லோரும் டிக்கெட்டையும் பிள்ளையையும் தேடிக்கொண்டிருப்பார்கள், வாசிக்க மாட்டார்கள். கல்பாதை முடிந்து புல்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு சிறு பலகை வையுங்கள். அதைவிட முக்கியம், வெளியேறும் வழி. எங்கள் நடைகளில் அதிகம் உதவியது வெளிவாசலில், கழிவறைக்குப் பக்கத்தில், ஒரு நிலைக்கண்ணாடியோடு வைத்த பலகை. 'காதைப் பாருங்கள், காலைத் தட்டுங்கள்' என்று அதில் இரண்டே சொற்றொடர்கள். கண்ணாடியைக் கண்ட எவரும் நிற்பார்கள். பிள்ளைகளின் உயரத்துக்கு இன்னொன்று வைத்தால், அவர்கள் பெற்றோரை இழுத்துக்கொண்டு வந்து காட்டுவார்கள்.

வாயால் சொல்லும்போது

பலகை எவ்வளவு நன்றாக இருந்தாலும், நடை தொடங்குமுன் நீங்கள் பேசும் ஒன்றரை நிமிடத்துக்கு ஈடாகாது. அதற்கு மேல் பேசவும் வேண்டாம். பறவையைப் பார்க்க வந்தவர்களின் கண் ஏற்கெனவே மரத்தில் இருக்கும்.

உடையைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் முன் நிற்பவர்களைப் பார்த்துப் பேசுங்கள். 'நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள்' என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் முன்னால் நிற்பவர்களில் பாதிப்பேர் சேலையோ அபாயாவோ சாரமோ உடுத்து, செருப்போடு வந்திருப்பார்கள். அவர்களிடம் அதைச் சொன்னால் 'இது எங்களுக்கல்ல' என்று மீதியையும் கேட்காமல் விட்டுவிடுவார்கள். சேலை, அபாயாவின் கீழ்க்கரைதான் புல்லை உரசுகிறது என்று காட்டி, "அம்மா, வெளியே வந்ததும் கரையை ஒருமுறை உதறிப் பாருங்கள், வீட்டில் அந்த உடையைக் கட்டிலில் போடாதீர்கள்" என்று சொல்லுங்கள். வெளிறிய நிறத்து உடையில் உண்ணி எளிதில் தெரியும் என்பதை, நடைக்கு வரச் சொல்லி அனுப்பும் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். வந்து நின்றபின் சொல்லிப் பயனில்லை.

வெளிநாட்டு அறிவுரைகளில் உடையை உலர்த்தும் இயந்திரத்தில் பத்து நிமிடம் சூடாக்கச் சொல்வார்கள். நம் வீடுகள் பலவற்றில் அது கிடையாது. பச்சைத் தண்ணீரில் துவைத்தால் உண்ணி சாகாது. நல்ல சுடுநீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவிடச் சொல்லுங்கள்.

பூச்சிவிரட்டி பூசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை போதும். டீட் அல்லது பிக்கரிடின் கலந்ததைச் சீசாவில் எழுதியபடி, கணுக்காலிலும் காலிலும் பூசலாம். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள்தான் பூசிவிட வேண்டும். பெர்மெத்ரின் துணிக்கு மட்டும், தோலுக்கு அல்ல. ஈரமாக இருக்கையில் அது பூனைக்கு நஞ்சு. சிட்ரனெல்லா எண்ணெய் பூசிவிட்டேன், இனிக் கவலையில்லை என்று நினைப்பவரிடம், "பூசுங்கள், ஆனாலும் வீட்டில் உடலைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு நான் ஒரு பாத்திரத்தில் எள்ளும் கசகசாவும் கொண்டுபோய்க் காட்டுவேன். என் முழங்கைச் சட்டையில் ஐந்து எள்ளை ஒட்டிவிட்டு, "எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்பேன். இரண்டு நிமிடத்தில் அவர்கள் கண் பழகிவிடும். அன்றிரவு வீட்டில் அம்மாவின் காதைப் பார்ப்பது அவர்கள் வேலை என்று சொல்லி அனுப்புவேன். தங்களிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதில் அவர்களுக்கு வரும் பெருமையைப் பார்க்க வேண்டும்.

ஒட்டியிருந்தால்

இந்தப் பகுதியைச் செய்து காட்டிச் சொல்லுங்கள், வாயால் மட்டும் சொன்னால் புரியாது. கூர்முனைச் சாவணத்தால், உண்ணியின் தலை தோலில் பதிந்த இடத்துக்கு மிக அருகில் பிடிக்க வேண்டும். வயிற்றைப் பிடித்து நசுக்கக்கூடாது. முறுக்காமல், வெடுக்கென்று பிடுங்காமல், ஒரே சீரான இழுவையில் நேராக மேலே இழுக்க வேண்டும். வாய்ப்பகுதியில் ஒரு துணுக்குத் தோலில் தங்கினால் தோண்ட வேண்டாம், தோல் அதைத் தானே தள்ளிவிடும். பிறகு சவர்க்காரத்தாலோ ஸ்பிரிட்டாலோ கழுவுங்கள். எடுத்ததை விரலால் நசுக்காமல், ஸ்பிரிட் ஊற்றிய சிறு சீசாவில் போட்டு, திகதி எழுதி வையுங்கள். வைத்தியர் கேட்டால் காட்டலாம்.

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, உப்பு, நகப்பூச்சு, எரியும் தீக்குச்சி இவற்றில் எதுவும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். உண்ணி தானாக விழும்வரை காத்திருப்பது அது ஒட்டியிருக்கும் நேரத்தை நீட்டுகிறது. நமக்கு வேண்டியது அது சீக்கிரம் வெளியேறுவது. 'இத்தனை மணி நேரத்துக்குள் எடுத்தால் ஒன்றும் ஆகாது' என்ற கணக்கையும் சொல்லாதீர்கள். பலரும் சொல்லும் 24 மணி நேரக் கணக்கு லைம் நோய்க்கானது. கண்டவுடனே எடுங்கள் என்பதே நம் கணக்கு.

காதுக்குள் இருந்தால் மட்டும் இதில் எதையும் செய்யாதீர்கள். சாவணமும் வேண்டாம், பஞ்சுக் குச்சியும் வேண்டாம். காது, மூக்கு, தொண்டைப் பிரிவுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். கடிபட்டவுடன் மருந்துக் கடையில் கேட்டு நுண்ணுயிர்கொல்லி விழுங்குவதும் வேண்டாம். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை எடுக்காமல் வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள், டெங்குவாகவும் இருக்கலாம் அல்லவா. ஆள் மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

நடை முடிந்தபின்

பலர் இங்கே கைகழுவிவிடுகிறார்கள், நானும் முன்பு அப்படித்தான் இருந்தேன். காய்ச்சல் வருவதானால் பெரும்பாலும் ஒரு கிழமை கழித்துத்தான் வரும். அதற்குள் பூங்காவுக்குப் போனதே மறந்துவிடும். ஆகவே நடைக்கு வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவை உடனே கலைத்துவிடாமல் வைத்திருங்கள். அன்று மாலை ஒரு செய்தி: 'எல்லோரும் குளித்தாயிற்றா? காதும் முழங்கால் மடிப்பும் பாருங்கள்.' ஏழாம் நாள் இன்னொன்று: 'யாருக்காவது காய்ச்சல், தடிப்பு, காதுவலி இருக்கிறதா? இருந்தால் போன ஞாயிறு ஈரநிலத்துக்குப் போனதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.' பதினான்காம் நாள் அதையே மீண்டும் அனுப்பிவிட்டுக் குழுவைக் கலைக்கலாம்.

பூங்காக் காவலரின் மேசையில் ஒரு கொப்பி இருக்கட்டும். உண்ணி கண்டவர் திகதியும் இடமும் மட்டும் எழுதினால் போதும், பெயர் வேண்டாம். மூன்று மாதத்தில் எந்த மூலைக்குப் புல் வெட்ட வேண்டும், எந்தப் பாதையை அகலப்படுத்த வேண்டும் என்று அந்தக் கொப்பியே நிர்வாகத்துக்குச் சொல்லும். பலகையின் கீழ்மூலையில் 'கடைசியாகப் பார்த்த திகதி' என்று ஓரிடம் விட்டு, துணி இழுக்கும் ஒவ்வொரு முறையும் அதை மாற்றி எழுதுங்கள். பழைய திகதியோடு நிற்கும் பலகையை யாரும் நம்புவதில்லை. அந்த இடத்தில் பாதை அகலமாகி, புல் குட்டையாகி, நாலைந்து முறை இழுத்தும் துணி வெள்ளையாகவே வந்தால் பலகையைக் கழற்றி, கொப்பி காட்டும் அடுத்த மூலைக்குக் கொண்டுபோங்கள்.

காதுவலியோடு அழுத அந்தத் தம்பிக்கு இப்போது பதினொரு வயது. ஒவ்வொரு நடையிலும் எள்ளுப் பாத்திரத்தை அவன்தான் தூக்கிக்கொண்டு வருகிறான்.